‘மாரு நோவுது’ போதும்: ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் எப்படிச் சொல்வது

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தெருப் பெண் போன் செய்தாள். “அக்கா, மாமாவுக்கு லோ பிரஷர். எலுமிச்சை ஜூஸ்ல உப்பு போட்டுக் கொடுத்துட்டேன், இன்னும் சரியாகலை. வேற என்ன கொடுக்கலாம்?” பிரஷர் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை. “சோர்ந்து போய் உட்கார்ந்திருக்காரு, அதான்” என்றாள். சரி, பிரஷரை விடு, அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்துச் சொல் என்றேன். “டம்ளரைப் பிடிக்க முடியலைக்கா. ஜூஸ் ஒரு பக்கமா வழியுது. பேச்சு குழறுது.”

வாய் ஒரு பக்கம் வழிகிறது, கை பிடிக்கவில்லை, பேச்சு குழறுகிறது. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லியிருந்தால், போனை எடுத்த அரை நிமிஷத்தில் 108ஐக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து மூளைக்குள் ரத்தக் கசிவு இல்லை என்றும் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் ‘லோ பிரஷர்’ என்ற பெயரை நம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் ஜூஸ் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள், ஊசியும் போட்டார்கள். ஆனால் அவருக்கு வலது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

நான் கணியம்பாடிப் பக்கம் பிறந்தவள். வேலூரில் 29 வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் வீட்டோடு இருக்கிறேன். தெருவில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், “அக்கா, அங்கே போய் என்ன சொல்லணும்?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நர்ஸுக்கு எரிச்சல் வரும் பேச்சு எது என்று கேட்டால், மரியாதை இல்லாத பேச்சு என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதுவும் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் 29 வருஷத்தில் என்னை அதிகம் தவிக்க வைத்தது, பாதி தெரிந்த இங்கிலீஷ் நோய்ப் பெயர்கள். கிராமத்துப் பாட்டிகள் “நோவுது”, “குத்துது”, “கடுக்குது”, “அடைக்குது” என்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் வேறு வலி, ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு தகவல். காலேஜ் படித்த பேரன் பக்கத்தில் நின்றுகொண்டு “அதெல்லாம் கேஸ் ட்ரபுள் சிஸ்டர்” என்பான். அந்த நாலு தகவலும் அத்தோடு போய்விடும்.

நோயின் பெயரை எங்களிடம் விட்டுவிடுங்கள்

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், பிறகு என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறார். இந்த வரிசையில் சொன்னால் போதும். என்ன நோய் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை.

‘சுகர் வந்துடுச்சு’ என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களா? ரத்தத்தில் சர்க்கரை இப்போது கூடியிருக்கிறதா? குறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் இதே பேச்சுதான். பள்ளிகொண்டாவிலிருந்து ஒருவரை மகன் ஆட்டோவில் கூட்டிவந்தான். அவருக்கு 60 வயது இருக்கும். சட்டை நனைகிற வேர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். “சுகர் வந்துடுச்சு சிஸ்டர்” என்றான் மகன். வழியில் அப்பா பசிக்கிறது என்று கேட்டிருக்கிறார். சுகர் இன்னும் ஏறிவிடுமே என்று பயந்து இவன் ஒரு பிஸ்கட்கூட வாங்கித் தரவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் 38. 70க்குக் கீழே போனாலே குறைவு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தால் ஆட்டோவிலேயே தெளிந்திருப்பார். (நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும்தான் வாயில் கொடுக்க வேண்டும். இதை மறக்காதீர்கள்.) அந்தத் தம்பி சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “காலையில சுகர் மாத்திரை போட்டாரு, சாப்பிடலை, பத்து மணிக்கு வேர்க்க ஆரம்பிச்சுது.” இதைக் கேட்டவுடனே எந்த நர்ஸும் குளுக்கோமீட்டரைத்தான் எடுப்பாள்.

‘கேஸ்’ என்ற சொல் இன்னும் மோசம். நெஞ்சு வலிக்கும் அதுதான், வயிற்று உப்புசத்துக்கும் அதுதான், விலாப் பிடிப்புக்கும் அதுதான். நெஞ்சில் தொந்தரவு என்றால் எங்கே, எப்போதிலிருந்து, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா, வேர்த்ததா, நடந்தால் கூடுகிறதா என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல், மூச்சு வாங்குவதாகவோ குமட்டலாகவோ வரும். ‘கேஸ்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டி சோடா குடிக்க வைத்து, மறுநாள் காலை கூட்டிவந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இதோடு சேர்த்து ஒன்று. மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. முதலாவதில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது, ஆள் பேசிக்கொண்டுகூட இருப்பார். இரண்டாவதில் துடிப்பே நின்று ஆள் விழுந்துவிடுவார். செய்திகளில் எல்லாச் சாவையும் மாரடைப்பு என்று எழுதிவிடுவதால் இரண்டும் ஒன்று என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். திரையில் கோடு நேராகப் போனால் ‘ஷாக்’ கொடுத்து எழுப்புவதும் சினிமா பழக்கிவிட்ட விஷயம்தான். கோடு நேராகிவிட்டால் ஷாக் உதவாது. நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான். அந்த நேரத்தில் கதவை அடித்து “ஏன் ஷாக் கொடுக்க மாட்டேங்கறீங்க?” என்று கத்தும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பதில் சொல்ல ஒரு கை மிச்சமில்லையே என்ற வருத்தம்தான்.

‘ஃபிட்ஸ்’ என்று சொல்லாமல், கை கால் எப்படி வெட்டியது, கண் எங்கே சொருகியது, எத்தனை நிமிஷம், சிறுநீர் போனதா, முடிந்த பிறகு தூங்கினாரா என்று சொல்லுங்கள். காய்ச்சலில் குளிர் நடுக்கம் வந்த குழந்தையையும் ‘ஃபிட்ஸ்’ என்றுதான் தூக்கிவருகிறார்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி. ‘காக்கா வலிப்பு’ என்று மட்டும் வேண்டாம். அந்த நோயோடு வாழ்கிறவர்கள் அந்தப் பேச்சால் ரொம்பப் புண்பட்டிருக்கிறார்கள்.

மயக்கம்

நம் தமிழ்ச் சொல்லே காலை வாருகிற இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். தலை சுற்றினாலும் மயக்கம். கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம். நினைவு தப்பி விழுந்தாலும், கூப்பிட்டால் கண் திறக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் மயக்கம். ஆபரேஷனுக்கு முன் போடுவதும் மயக்க ஊசி. கர்ப்பிணிக்குக் காலையில் வருகிற மசக்கைக்குக்கூட “மயக்கமா இருக்கு” என்பார்கள்.

வார்டில் இது எப்படி வினையாகும் என்று சொல்கிறேன். ராத்திரி டியூட்டியில், விழுந்து தலையில் அடிபட்டு வந்த ஒருவரின் மனைவி கூப்பிட்டு, “அவருக்கு மயக்கமா கீதும்மா” என்றார். அன்றைக்குச் சேர்த்தவர், வாந்தியும் இருந்தது. தலை சுற்றலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கையில் இருந்த ஊசியை இன்னொருவருக்குப் போட்டு முடித்துவிட்டுப் போனேன். மூன்று நிமிஷம் இருக்கும். போய்ப் பார்த்தால், தோளைத் தட்டியும் அவர் எழவில்லை. அந்த அம்மா என்னிடம் சொன்னது சரியான தமிழ்தான். எந்த மயக்கம் என்று திருப்பிக் கேட்காதது என் தப்பு. டாக்டர் ஓடிவந்தார், அவரை ஸ்கேனுக்கு அனுப்பினோம், பிழைத்தார். ஆனால் அந்த மூன்று நிமிஷம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் அந்தச் சொல்லை உடைத்துச் சொல்லுங்கள். “வீடு சுத்துற மாதிரி இருக்குங்கறாரு.” “எழுந்து நின்னா கண்ணு இருட்டுது.” “கீழ விழுந்துட்டாரு, ரெண்டு நிமிஷம் பேச்சில்லை.” “கூப்பிட்டா திரும்பிப் பார்க்கலை.” கடைசியில் சொன்னது இருக்கிறதே, அதை எங்களிடம் நடந்துவந்து சொல்லாதீர்கள். இருந்த இடத்திலிருந்தே கத்துங்கள்.

‘சாப்பிட்டீங்களா?’

1997ஆம் வருஷம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை ஆபரேஷன் இருந்த ஒரு ஆயாவிடம், “ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனேன். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம்.) காலையில் தியேட்டருக்கு அனுப்பும் முன் கேட்டேன், ஏதாவது சாப்பிட்டீங்களா? இல்லை என்று தலையாட்டினார். ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும்போது பக்கத்து பெட்டுக்காரர், “விடிகாலையில சொம்புல கூழு குடிச்சாங்களே” என்றார். ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “சாப்புடக் கூடாதுன்னு தானே கண்ணு சொன்ன. நான் குடிக்கத்தானே செஞ்சேன்?”

கேழ்வரகுக் கூழைக் குடிக்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கே அது தோன்றவில்லை. வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்க மருந்து கொடுத்தவுடன் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். திட்டு எனக்குக் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து நான் கேட்ட விதம் வேறு: “தண்ணி, டீ, காபி, கூழு, பிஸ்கட், வெத்தலை பாக்கு, ஏதாவது வாய்க்குள்ள போச்சா? கடைசியா எத்தனை மணிக்கு?” நோயாளியின் பக்கத்திலிருந்து நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். சாப்பாடு என்றால் நம் ஊரில் சோறு மட்டும். மூன்று இட்லி தின்றவரும் “இன்னும் சாப்பிடலை, டிபன்தான்” என்பார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வந்தவர் “டீ மட்டும்தான் சிஸ்டர்” என்பார். டீயில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன. எது எத்தனை மணிக்கு உள்ளே போனதோ அதை அப்படியே சொல்லுங்கள். மறைத்துச் சொன்னால் ஆபரேஷன் நிற்காது, ஆபத்துதான் கூடும்.

குளுக்கோஸ், மில்லி, பாயிண்ட்

தொங்குகிற பாட்டில் எல்லாம் குளுக்கோஸ் இல்லை. பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர்தான். நார்மல் சலைன் என்றால் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, சர்க்கரை ஒரு துளிகூடக் கிடையாது. ரிங்கர் லாக்டேட் என்று இன்னொன்று உண்டு, அதிலும் சர்க்கரை இல்லை. சர்க்கரை நோயாளியான தன் அம்மாவுக்கு ‘குளுக்கோஸ் ஏத்துறாங்க’ என்று பயந்து, நாங்கள் அந்தப் பக்கம் போனதும் ட்ரிப்பின் சக்கரத்தைத் திருகி அடைத்துவைத்தார் ஒரு மகள். வயிற்றோட்டத்தில் உடம்பு வற்றிப்போய் வந்த அம்மா அவர். ஒரு மணி நேரம் ஒன்றும் ஏறவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். சக்கரத்தை மட்டும் தொடாதீர்கள்.

தெம்புக்காக ஒரு குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நிஜமான குளுக்கோஸ் பாட்டில், அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கும் குறைவு. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு இரண்டு இட்லி அதைவிட நல்லது.

அடுத்து ‘மில்லி’. இதைக் கேட்டால் எனக்கு இன்னும் பதறும். மில்லிகிராம் என்பது மருந்தின் எடை, மில்லிலிட்டர் என்பது தண்ணியின் அளவு. “பாராசிட்டமால் அஞ்சு மில்லி கொடுத்தேன்” என்றால் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. குழந்தைகளுக்கான சிரப்பில் 5 எம்எல்லுக்கு 125 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு எம்எல்லுக்கே 100. அதே ‘அஞ்சு மில்லி’ ஒரு பாட்டிலில் 125, இன்னொன்றில் 500. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் அளவில் கொடுக்க வேண்டிய மருந்து அது. ஆகவே ‘மில்லி’ என்று நிறுத்தாதீர்கள். எம்எல் என்றோ, மூடியில் இந்தக் கோடு வரை என்றோ சொல்லி, பாட்டிலையும் எடுத்துவந்து காட்டுங்கள்.

இன்சுலினை யூனிட் என்று சொல்வதே சரி. சிலர் ‘பாயிண்ட்’ என்பார்கள், சிலர் ‘இருபதாவது கோடு’ என்பார்கள். எந்த சிரிஞ்சின் கோடு? சிவப்பு மூடி சிரிஞ்ச், ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் இன்சுலினுக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. குடியாத்தத்தில் மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்ச், வேலூரில் வேறு சிரிஞ்ச் என்று மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வரும்போது இன்சுலின் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்தே பையில் போட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதும்போது ‘யூனிட்’ என்று முழுசாக எழுதுங்கள். ‘U’ என்ற இங்கிலீஷ் எழுத்தை மட்டும் போட்டால், அவசரத்தில் அது சைபர் மாதிரி தெரியும். 4 என்பது 40 ஆகிவிடும்.

‘அந்த வெள்ளை மாத்திரை’, ‘சின்ன மாத்திரை’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டையைக் கொண்டுவாருங்கள். காலி அட்டையானாலும் பரவாயில்லை.

டியூபும் அப்படித்தான். மூக்கில் இருப்பது, சிறுநீருக்கு வைத்தது, விலாவில் போட்டது, மருந்து ஏற்றக் கையில் குத்தி வைத்திருக்கும் வென்ஃப்ளான், எல்லாமே டியூப். “டியூப் கழண்டுடுச்சு” என்று சொல்லாமல் எந்த இடத்து டியூப் என்று சொல்லுங்கள். விலாவில் போட்டது கழன்றால் ஓடிவர வேண்டும்.

‘ஒத்துக்காது’

மருந்து ஏதாவது ஒத்துக்காதா என்று கேட்போம். “ஆமா, நிறைய ஒத்துக்காது” என்பார்கள். வயிறு எரிந்ததும் ஒத்துக்காததுதான், வாய் கசந்ததும் ஒத்துக்காததுதான். ‘அந்த மாத்திரை சூடு’ என்பதும் இதற்குள்தான் வரும். உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டினதும் அதே சொல்தான். முதலில் சொன்னவற்றுக்கு சாப்பிட்ட பிறகு மருந்தைக் கொடுப்போம், அவ்வளவுதான். கடைசியில் சொன்னதற்கு அந்த மருந்தை ஃபைலின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, இனிமேல் தொடவே மாட்டோம். அதனால் மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும், போட்டபோது என்ன ஆனது, எத்தனை நிமிஷத்தில் ஆனது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு புது நர்ஸிடமும் சொல்லுங்கள். “காலையில இருந்த சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேனே” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது மறதியால் இல்லை. ஊசி போடும் கை, போடுவதற்கு முன் தன் காதால் கேட்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பிற ஊர்க்காரர், பிற மொழிக்காரர்

வேலூர் வார்டில் தமிழ் மட்டும் போதாது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து உருது, அப்புறம் வங்காளிகள். காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகைகூட அவர்கள் எழுத்தில் இருக்கும். ‘நொப்பி’ என்றால் தெலுங்கில் வலி, ‘தர்த்’ என்றால் உருதுவில், ‘பேத்தா’ என்றால் வங்காளியில். இவ்வளவாவது எல்லா நர்ஸும் கற்றுக்கொள்வோம். ஆனால் ஒரு சொல் எங்களை வருஷக்கணக்கில் ஏமாற்றியது. இந்தியில் ‘கல்’, வங்காளியில் ‘கால்’. அதற்கு நேற்று என்றும் பொருள், நாளை என்றும் பொருள். ‘கல்’ வயிறு போனதா, ‘கல்’ மருந்து மாற்றினார்களா? கிழமையையோ தேதியையோ கேட்டு வாங்குவதுதான் வழி. நீங்கள் யாருக்காவது மொழிபெயர்க்க நின்றால் நீங்களும் கிழமையைச் சொல்லுங்கள். அவர் இரண்டு நிமிஷம் பேசியதை “ஒண்ணுமில்லை, வலிக்குதாம்” என்று சுருக்காதீர்கள். அந்த இரண்டு நிமிஷமும் எங்களுக்கு வேண்டும்.

நம் ஆட்களின் பேச்சிலும் வெளியூர் நர்ஸுக்குப் புரியாதது உண்டு. அம்மை போட்டிருந்தால் பெயர் சொல்லக் கூடாது என்று “அம்மா வந்திருக்காங்க” என்பது நம் வழக்கம். கேரளத்திலிருந்து புதிதாக வந்திருந்த பெண், நோயாளியின் தாயார் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, பொது வார்டிலேயே படுக்கை போட்டுவிட்டாள். அம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே, எல்லாம் காய்ந்து பக்குவிடும்வரை ஒட்டும். பக்கத்துப் படுக்கையில் கர்ப்பிணி இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கலாம். உங்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் வேப்பிலை கட்டினவர்தான். வாசலிலேயே, “உடம்புல கொப்புளம் போட்டிருக்கு, வந்து நாலு நாள் ஆச்சு” என்று சொல்லிவிடுங்கள். அம்மன் பெயரை எடுக்காமலே சொல்லிவிடலாம்.

எங்களைக் கூப்பிடுவது

‘சிஸ்டர்’ என்று கூப்பிடுங்கள், போதும். ‘நர்ஸம்மா’வும் நல்ல சொல்தான். வயசானவர்கள் ‘கண்ணு’, ‘யம்மா’ என்று கூப்பிடும்போது எங்களுக்கு வீட்டு ஞாபகம் வரும். ஆண் நர்ஸுகளை ‘பிரதர்’ என்பது வழக்கம். அவர்களைக் கம்பவுண்டர் என்றும் வார்டு பாய் என்றும் கூப்பிடுவது தவறு. கம்பவுண்டர் என்பவர் மருந்து கலந்து கொடுத்தவர், அது வேறு வேலை. எழுத்தில் ‘செவிலியர்’ என்று எழுதினால் ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். ‘செவிலி’ என்று மட்டும் எழுதினால் பழைய பாட்டுகளில் வருகிற வளர்ப்புத் தாய் ஞாபகத்துக்கு வருகிறாள், அதோடு ஆண்கள் விடுபட்டுப் போகிறார்கள். கையைச் சொடுக்குவது, ‘ஹலோ’ என்பது, இரண்டும் வேண்டாம்.

‘வெறும் நர்ஸ்தானே, டாக்டரைக் கூப்பிடு’ என்ற பேச்சுதான் உண்மையில் வலிக்கும். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர் இது. 1909இலேயே இங்கே நர்ஸ் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது, 1946இல் பட்டப்படிப்பே வந்துவிட்டது. இன்றைக்கு பி.எஸ்ஸி. நர்ஸிங் நாலு வருஷப் படிப்பு. டாக்டர் எழுதிய மருந்து சரியான ஆளுக்கு, சரியான அளவில், சரியான வழியில் போகிறதா என்று கடைசியாகப் பார்ப்பவள் நர்ஸ். தவறு இருந்தால் நிறுத்திக் கேட்க வேண்டியதும் அவள்தான். எங்களிடம் சொன்னால் டாக்டரிடம் போய்ச் சேரும். அதற்குத்தான் நாங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘12ஆம் பெட்’, ‘பாய்சன் கேஸ்’ என்று ஆட்களைப் பேசுவது, இறந்தவரை அவர் பிள்ளைகள் காதுபட ‘பாடி’ என்பது, இதெல்லாம் நாங்கள் விட வேண்டியவை. “மோஷன் போச்சா?” என்று கேட்டால் புரியாமல் விழிக்கிற தாத்தாவிடம் “வெளிக்குப் போனீங்களா?” என்று கேட்க ஒரு நொடிதான் ஆகும். நாங்கள் சொன்னது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். எங்களை அது எரிச்சல்படுத்தாது.

ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு, ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா புருஷனைக் கூட்டிவந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று காலி மாத்திரை அட்டைகளை மேசை மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நேத்து சாய்ங்காலம் மாடு கறந்துட்டு வந்தாரும்மா. திண்ணையில குந்துனாரு. மாரு நோவுதுன்னாரு. வேர்த்து ஊத்துச்சு. ராவெல்லாம் எடது கை கடுகடுன்னு கீதுன்னாரு. தண்ணி ஒரு சொம்பு குடிச்சாரு, வேற ஒண்ணும் உள்ள போவல. இந்த மாத்திரை காலையில ஒண்ணு, இது ராவுல ஒண்ணு துன்றாரு. இது தீந்து நாலு நாளாச்சு, வாங்கல. போன வருசம் காலு புண்ணுக்கு ஒரு ஊசி போட்டாங்கோ, போட்ட ஒடனே ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிக்கிச்சு. அந்த ஊசி மட்டும் வாணாம்மா.”

கேட்பதற்கு எனக்கு ஒரு கேள்விகூட மிச்சம் இல்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இசிஜி மெஷினை இழுத்தேன்.